ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரடைப்பு வந்த என் தந்தைக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தருகிறார்கள். காலில் ரத்தம் உறைந்த என் அத்தைக்கு வார்ஃபரின் தருகிறார்கள். இரண்டுமே உறைவுதானே, மருந்து ஏன் வேறுபடுகிறது?

உறைவு உருவாகும் இடமே காரணம். ரத்தம் வேகமாகப் பாயும் தமனியில், கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் முதலில் ஒட்டிக்கொள்பவை ரத்தத்திலுள்ள நுண்ணிய அணுக்களான தட்டணுக்கள். ஆஸ்பிரின் அவற்றிலுள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. ஒரு தட்டணு 7 முதல் 10 நாட்கள் வரைதான் வாழும் என்பதால், புதிதாக வருபவற்றையும் முடக்க, நாள்தோறும் சிறிய அளவு, பெரும்பாலும் 75 மில்லிகிராம், போதுமானதாகிறது. ரத்தம் தேங்கும் கால் சிரைகளிலோ ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் பங்கு பெரிது. வார்ஃபரினும் நம் ஊரில் பரவலாகத் தரப்படும் அசெனோகூமராலும், வைட்டமின் கே துணையுடன் கல்லீரலில் உருவாகும் 2, 7, 9, 10ஆம் உறைவுக் காரணிகள் என்ற புரதங்களைக் குறைத்து, அந்த இழைகள் உருவாவதைத் தடுக்கின்றன. ஆகவே ஒருவருடைய மாத்திரையை மற்றவருக்குத் தரவே கூடாது.

அத்தைக்கு மாத்திரையோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டார்கள். இரண்டும் எதற்கு? உறைந்த ரத்தக் கட்டி கரைந்துவிடுமா?

ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் காரணிகள் தீரும்வரை வார்ஃபரினின் முழுப் பலன் கிட்டாது. உடனே வேலை செய்யும் ஹெப்பாரின்தான் அந்த இடைவெளியைக் காக்கிறது. குறைந்தது 5 நாட்கள் இரண்டும் சேர்ந்தே தரப்பட்டு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு 2ஐ எட்டி நிலைத்த பிறகே ஊசி நிறுத்தப்படும். இவை எதுவும் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் பார்த்துக்கொள்கின்றன, கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்கிறது. கரைப்பதற்கென்றே உள்ள ஆல்டெபிளேஸ், டெனெக்டெபிளேஸ் போன்றவை ரத்தக்கசிவு அபாயம் மிகுந்தவை. மூளைப் பக்கவாதத்தில் அவை பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும் என்பதால், வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அசெனோகூமரால் எடுக்கும் நான் கீரையை அறவே விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இந்த அச்சத்தால் பலர் நல்ல உணவை இழப்பது எனக்கு வருத்தம் தருகிறது. முருங்கைக்கீரையிலும் மற்ற பச்சைக் கீரைகளிலும் வைட்டமின் கே உண்டு என்பது உண்மை. ஆனால் சிக்கல் கீரையில் இல்லை, அளவு தாறுமாறாக மாறுவதில்தான் இருக்கிறது. மாதம் முழுவதும் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் உண்டால் ஐ.என்.ஆர். இறங்கும், வாரம் இரண்டு முறை ஒரே அளவில் உண்டால், அதற்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் அமைத்துவிடுவார். கீரையைவிட நான் அதிகம் அஞ்சுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத்தான். மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். மூட்டுவலிக்கு எடுக்கும் டைக்ளோஃபெனாக், வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும். புதிய மாத்திரை எதுவானாலும் உங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே விழுங்குங்கள்.

அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் இருக்கின்றனவாமே? இதயத்தில் உலோக வால்வு பொருத்தியுள்ள என் தாய்க்கு மாற்றலாமா?

கூடாது. ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் ஆகியவை கால் சிரை உறைவுக்கும், பலருடைய சீரற்ற இதயத்துடிப்புக்கும் நல்ல மருந்துகள். ஆனால் உலோக வால்வு உள்ளவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, உறைவும் ரத்தக்கசிவும் மிகுந்ததால் 2012இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின் வகையே உகந்தது.

பல் பிடுங்குவதற்கு முன் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். உரிய வரம்பில் இருந்தால், ஓரிரு பற்களை எடுக்கப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதே இல்லை. எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தும் தையலிட்டும் ரத்தத்தை நிறுத்திவிடலாம். பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் கடைசிப் பரிசோதனைச் சீட்டையும் முன்கூட்டியே காட்டுங்கள். எப்போதேனும் மலம் கறுத்துப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.