புத்தகக் கேள்விகள்: பிடித்தவர் எழுதியதுதான், பிடிக்கத்தான் இல்லை

பாம்பன் வாசகி: மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய நாவல். 416 பக்கம். கதை எங்கள் தீவில் நடக்கிறது என்றதும் முன்கூட்டியே பணம் கட்டினேன். நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஐப்பசியில் தென்கடல் கொந்தளிக்கிறதாம், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கிறதாம். பாசி எடுக்கப் போகிறவள் வெறுங்கையால் பாறையில் பறிக்கிறாள். அவருடைய மற்ற புத்தகங்களை எல்லாம் இரண்டு தடவை படித்தவள் நான். குறை என்னிடமா, அவரிடமா? மூடி வைத்துவிடலாமா?

மூடுவதற்கு முன் ஒரு பென்சில் எடுங்கள். எந்த வரியில் கவனம் கழன்று, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வருகிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். காரணம் எழுத வேண்டாம். முதல் 80 பக்கத்தை இப்படிப் படித்துவிட்டு, புள்ளிகளை மட்டும் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அவை சிதறிக் கிடக்காது, ஓரிடத்தில் மொய்த்திருக்கும். ஒரே பாத்திரம் வரும் இடங்களில் மொய்த்தால், அந்த ஆள் எழுத்தாளருக்கே பிடிபடவில்லை என்று அர்த்தம். அத்தியாயத் தொடக்கங்களில் மொய்த்தால், வாரத் தொடராக வந்ததை அப்படியே நூலாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். போன வாரம் படிக்காதவருக்காக முன்கதை சொன்ன பத்திகளை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அவற்றைத் தாண்டிக் குதித்தாலே பாதிச் சலிப்பு போய்விடும்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே சீராகப் புள்ளி விழுந்திருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. அவருடைய பழைய நாவல்களில் நீங்கள் உயிராக நினைப்பதை எடுத்து, அன்றைக்கே முதல் 20 பக்கம் படியுங்கள். அதுவும் இழுக்கவில்லை என்றால் புதுப் புத்தகத்தின் மேல் பழி போடாமல் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். பழையது இழுத்து, புதியது மட்டும் இழுக்கவில்லையா? தயங்காமல் மூடலாம். மீதி 336 பக்கத்தைப் படித்தே தீர வேண்டும் என்று யாருக்கும் நேர்த்திக்கடன் இல்லை.

காற்று விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் கலங்குவது பாக் விரிகுடாப் பக்கமான வடகடல். புயல் நாளைத் தவிர, மன்னார் வளைகுடாப் பக்கம் அப்போது அடங்கியே இருக்கும். ஆனி, ஆடியில் நேர்மாறு. ஆனால் இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்பது கதையைப் பொறுத்தது. தென்கடல், வடகடல் என்ற இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டுப் படியுங்கள். காட்சி அப்படியே நின்றால் அது அச்சுப்பிழை மாதிரிதான், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும். தென்கடலில் வள்ளம் சிக்கியதால்தான் கல்யாணம் நின்றது என்று கதையே அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், அந்த அத்தியாயத்தையே திரும்ப எழுத வேண்டும்.

எங்களுக்கு அதிகம் உறுத்துவது அந்தப் பாசிக்காரிதான். விரல்களில் துணி சுற்றிக்கொள்ளாமல் பாறையில் பாசி பறித்தால் அன்றைக்கே கை கிழிந்துவிடும். கதை இதனால் இம்மியும் கெடாது, நிஜம்தான். ஆனால் எழுத்தாளர் கடலைப் பார்த்த அளவுக்கு அவள் கையைப் பார்க்கவில்லை என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. உங்கள் புள்ளிகள் அவள் வரும் பக்கங்களில் மொய்த்திருந்தால் ஆச்சரியமில்லை.

மண்டபம் வாசகர்: 1975இல் நடக்கும் கதை. குடும்பமே மதுரையில் பஸ் ஏறி, அதே பஸ்ஸில் நேராக ராமேஸ்வரத்தில் போய் இறங்குகிறது! கோபத்தில் எட்டுப் பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

எட்டை ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள். சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதற்கு முன் பஸ் மண்டபத்தோடு சரி, அங்கிருந்து 1914இல் திறந்த ரயில் பாலம்தான். இந்த இரண்டு வரியே போதும். கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, பக்க எண், மேலிருந்து எத்தனையாவது வரி, அச்சில் இருப்பது, இருக்க வேண்டியது, எப்படித் தெரியும். "உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்ற வரியை அடித்துவிடுங்கள், அதைப் படித்ததும் மீதியைப் படிக்க மாட்டார்கள். பிடித்த இடம் ஒன்று இருந்தால் அதையும் பக்க எண்ணோடு எழுதுங்கள். வெறும் புகழ்ச்சியைவிட அதற்கு மதிப்பு அதிகம். எழுத்தாளருக்கு ஒரு பிரதி, பதிப்பகத்துக்கு ஒரு பிரதி. திருத்தம் சேர்ப்பது பதிப்பகம்தான். இப்போதெல்லாம் குறைந்த பிரதிகளாகவே அச்சடிப்பதால், அடுத்த அச்சுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கீழக்கரை வாசகி: பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே இல்லை. முந்தைய நாவல்களில் பேச்சுதான் அவருடைய பலம்.

வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று தூவிவிட்டால் கீழக்கரை ஆகிவிடாது. வட்டார வழக்கு உறவுப்பெயரைவிட வினைமுற்றிலும் இழுப்பிலும்தான் இருக்கிறது. ஒரு அத்தியாயத்தில் பத்து உரையாடல்களை எடுத்து, "என்றாள்", "என்றான்" எல்லாவற்றையும் கையால் மறைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். கிழவி பேசுவது எது, வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பேசுவது எது என்று பிரிகிறதா? பிரிந்தால், ஊர் தெரியாவிட்டாலும் மனிதர்களைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார், தாராளமாக மேலே படிக்கலாம். எல்லோரும் ஒரே குரலில் பேசினால் கோளாறு வட்டார வழக்கில் இல்லை.

தேவிபட்டினம் வாசகர்: கைதேர்ந்த எழுத்தாளர், புது நாவலில் கத்துக்குட்டி மாதிரி எழுதியிருக்கிறார். வயதாகிவிட்டதோ?

வயதாகாததாலும் இருக்கலாம்! தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். புது அட்டை, புது விலை, சில சமயம் புதுத் தலைப்பும் போட்டு ஆரம்பகால நாவலை மறுபடி விடுவது வழக்கம். அங்கே இந்தப் பதிப்பின் ஆண்டு மட்டும் இருந்தால் முன்னுரையின் கடைசிக்குப் போங்கள், ஊரும் தேதியும் போட்டிருப்பார்கள். அதுவும் இல்லையா? கதைக்குள் தந்தி வருகிறதா, செல்பேசி வருகிறதா என்று பாருங்கள். 25 வயதில் எழுதியதை 60 வயதுக்காரர் எழுத்தாக நினைத்துப் படித்தால் ஏமாற்றம்தான்.

தொண்டி வாசகர்: 192ஆம் பக்கத்தில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பக்கத்தைத் திருப்பக்கூட வேண்டாம், எதிர்ப் பக்கத்திலேயே அவர் படத்துக்கு மாலை தொங்குகிறது. சாவைச் சொல்லாமல் விட்டது நவீன உத்தி என்கிறார் நண்பர். எனக்கு அவருடைய பழைய எழுத்துத்தான் பிடிக்கும்.

எதிர்ப் பக்கத்தின் எண்ணைப் பாருங்கள். 209 என்று இருந்தால் அது உத்தி இல்லை, ஃபாரம். புத்தகத்தைப் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சடித்து, மடித்து, அடுக்கி, பைண்டிங் செய்கிறார்கள். 12 ஃபாரம் சேர்ந்தால் 192. அடுக்கும்போது பதின்மூன்றாவது ஃபாரத்தை விட்டிருந்தால் 193 முதல் 208 வரை காணாமல் போகும். அதற்குப் பதிலாக வேறொரு ஃபாரம் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். 192, 209 இரண்டும் தெரிய ஒரு படம், பதிப்பு விவரப் பக்கம் ஒரு படம், பில். இவற்றை வாங்கிய கடைக்கு அனுப்பினால் பொதுவாக மாற்றித் தருவார்கள். அதுவரை உள்ளே பெயர் எழுதாதீர்கள். மாற்றுப் பிரதி கைக்கு வந்ததும், கடையை விட்டு இறங்குவதற்கு முன் 193ஆம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கட்டில் வந்த பிரதிகளில் இதே கோளாறு இன்னும் இரண்டு மூன்றில் இருக்கக்கூடும். நண்பரிடம் அப்பா இன்னும் 16 பக்கம் உயிரோடு இருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.