ரத்தம், ரத்தக்கட்டு, பொருக்கு: தாதி அக்காவிடம் சில கேள்விகள்

சிங்கப்பூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அடிபட்டால் என்ன செய்வது என்று அக்கம்பக்கத்தார் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். தொடையில் நீலமாக இருந்த ரத்தக்கட்டு இப்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. சீழ் பிடிக்கிறதா? (ஈசூன்)

இல்லைம்மா, ஆறுகிறது. தோலுக்கு அடியில் நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்திருக்கிறது. அந்த ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை உடலே உடைத்து அப்புறப்படுத்தும். உடைத்தால் முதலில் பிலிவெர்டின், அது பச்சை. அப்புறம் பிலிருபின், அது மஞ்சள். கடைசியில் கொஞ்ச நாள் பழுப்பாகவும் தெரியலாம். பெரும்பாலும் 2 வாரத்தில் மறைந்துவிடும். கறை முழங்கால் பக்கம் இறங்கினாலும் பயப்படாதீர்கள், கசிந்த ரத்தம் கீழ்நோக்கித்தானே போகும்.

ஐஸ் ஒத்தடம் முதல் ஓரிரு நாளுக்குத்தான் உதவும். துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கும் பாட்டிகளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தொடை கல்லாக இறுகினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, கால் மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீன் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டது. அம்மா காப்பித்தூளை அப்பச் சொல்கிறார். (தோ பாயோ)

காப்பித்தூள் கோப்பையிலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம்! நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது. வெட்டுப்பட்டதும் குழாய் சுருங்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டும், அவற்றின் மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை போலப் பின்னும். துணியை எடுத்தால் பாதி பின்னிய வலை கிழியும், மறுபடி முதலிலிருந்து.

மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மீனிலும் கடல்நீரிலும் உள்ள சில கிருமிகள் வேகமாகப் பரவும். சிவப்பு மணிக்கு மணி பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமியார் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். குளியலறையில் வழுக்கித் தலை இடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை, நன்றாகப் பேசுகிறார். பலதுறை மருந்தகத்துக்கு நாளை கூட்டிப் போனால் போதுமா? கீரையை நிறுத்த வேண்டுமா? (தெம்பனிஸ்)

போதாது. இன்றே, இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியலாம். பல மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகுதான் தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம். வெளியே ரத்தம் வராததை நம்பாதீர்கள். தூக்கக் கலக்கமோ வாந்தியோ இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். மருந்துச் சீட்டை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.

கீரையை நிறுத்த வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே உறைதலுக்கு உதவும், வார்ஃபரின் அதைத் தடுக்கும். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருத்துவர் மருந்தை அதற்கேற்ப வைத்துவிடுவார். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால்தான் சிக்கல். சீன மருந்துக்கடையில் வாங்கும் டாங் குவெய் போன்ற மூலிகைகளையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

டெங்கி என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென் போடலாமா? (ஜூரோங்)

கூடாது தம்பி, ஆஸ்பிரினும் கூடாது. தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும், இவை இருப்பதையும் வேலை செய்யவிடாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் அதிகம் வேண்டும்: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் மருத்துவமனை.

பொருக்கை உரிக்கலாமா?

வேண்டாம். வாஸ்லைன் தடவி மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆறும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் சின்னப் புண், வலியே இல்லை என்கிறார். (உட்லண்ட்ஸ்)

வலி இல்லாததுதான் கவலை. நரம்பு மரத்திருக்கலாம், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பி வந்ததும் அவர் செருப்பின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஏதாவது குத்திக்கொண்டிருக்கும்.