கூண்டு ஏற்றியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டார்வினின் கடற்பயணம் குறித்த தங்கள் கட்டுரையில் பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் இரண்டே வரிகளில் வந்து போகிறார். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் மாநாட்டில் பைபிளைத் தூக்கிப் பிடித்து டார்வினின் பரிணாமக் கொள்கையை எதிர்த்த பிடிவாதக்காரர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லையா?

ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

நிறைய இருக்கிறது, எழுதாமல் விட்டது என் பிழை. ஃபிட்ஸ்ராய் அந்த மாநாட்டுக்கு வந்ததே புயல்களைப் பற்றிய தம் கட்டுரையை வாசிக்கத்தான். டார்வினின் பக்கமிருந்தே பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

1805இல் பிறந்தவர். முந்தைய தலைவர் மனம் உடைந்து தம்மைச் சுட்டுக்கொண்டதால், 23 வயதிலேயே பீகிளின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1830இல், படகு ஒன்று களவுபோனதற்காக, தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுக்கூட்டமான டியெரா டெல் ஃபியூகோவின் மக்களைப் பிணையாகப் பிடித்து, நால்வரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவர்களில் ஒருவர் பெரியம்மையில் இறந்தார். நன்மை செய்வதாகவே அவர் நம்பியிருந்தாலும், இதை என்னால் நியாயப்படுத்த முடியாது. பின்னர் நியூசிலாந்து ஆளுநராகி, வெள்ளைக் குடியேறிகளின் பகையால் 1845இல் பதவியிழந்தார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான பணி, 1854இல் அரசின் புதிய வானிலைத் துறைக்குத் தலைவரான பிறகே தொடங்குகிறது. 1859 அக்டோபர் புயலில் ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸ் கரையில் நொறுங்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, காற்றைவிட விரைவாகச் செல்லும் தந்தி கையில் இருந்தும் இத்தனை உயிர்களை இழப்பதா என்று அவர் பதறினார். கரையோர நிலையங்களிலிருந்து காற்றழுத்தமானி அளவுகளைத் தந்தியில் பெற்று, 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். வளையத்தில் கறுப்புக் கித்தானைச் சுற்றிச் செய்த கூம்பு ஒன்று கம்பத்தில் ஏறும். கூர்முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்தும் பலத்த காற்று வரும் என்று பொருள். உருளையும் சேர்ந்து ஏறினால் பேராபத்து. நாகப்பட்டினத்துக்காரரான தங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புயல் கூண்டு என்று நாம் சொல்வதிலும் இந்தக் கூம்பும் உருளையும்தான் இருக்கின்றன.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அவருடைய வானிலை முன்னறிவிப்பு 'தி டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்தது. கணிப்பு தவறிய நாள்களில் ஏளனமும், அறிவியலாளர்களின் கண்டனமும் வந்தன. பிடிவாதக்காரர் என்றீர்கள், அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் அவர் முதல் வாரத்திலேயே நிறுத்தியிருப்பார். சொந்தச் செல்வத்தையெல்லாம் பொதுப்பணிக்கே செலவழித்து, உடலும் மனமும் சோர்ந்த நிலையில், 1865 ஏப்ரல் 30 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு டார்வின் 100 பவுண்டு அளித்தார்.

மறு ஆண்டே எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கடலோடிகளும் கரையோர மக்களும் விடாமல் வற்புறுத்தியதால், 1867இல் கூம்புகள் மீண்டும் கம்பத்தில் ஏறின.