போர்க்காலப் படத்தில் கறுப்பாகத் தெரியும் வளையம்

கேள்வி: 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 5பி விமானத்தின் மாடலைச் செய்துவருகிறேன். பெட்டியோடு வந்த டெக்கல் தாளில் (மாடல் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்), உடற்பகுதியின் வட்டச் சின்னத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று குறிக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் அந்த வளையம் அகலமாகவும் ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரிகிறது. இரவுப் பணிக்காகக் கறுப்பு பூசிய அரிய விமானம் அது என்று சொல்லும் ஒரு விற்பனையாளர், 'வண்ணம் மீட்கப்பட்ட' பிரதியையும் அதற்கேற்ற டெக்கலையும் தருவதாகக் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த வளையம் மஞ்சள்தான். அகலத்தைப் பொறுத்தவரை மட்டும் உங்கள் புகைப்படம் சொல்வது சரி, டெக்கல் தாள் சொல்வது தவறு.

அக்காலத்தில் பலரும் பயன்படுத்திய ஆர்தோகுரோமாட்டிக் வகை பிலிம் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையை ஓரளவும் உணரும்; சிவப்பை உணரவே உணராது. சிவப்பு விளக்கின் வெளிச்சத்திலேயே அதைக் கழுவ முடிந்தது, அவசரத்தில் வேலை செய்தவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. மஞ்சள் பூச்சு நீல ஒளியை விழுங்கிவிடுவதால், அதிலிருந்து இந்தப் பிலிமுக்குக் கிடைக்கும் வெளிச்சம் சொற்பமே; ஆகவே நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள், அச்சில் கருஞ்சாம்பலாகவோ கறுப்பாகவோ விழுகிறது. நீலமோ வெளிறிப்போகிறது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

உங்கள் படம் எந்தப் பிலிமில் எடுக்கப்பட்டது என்பதை அந்தப் படத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். வாலின் நிமிர்ந்த துடுப்பில் உள்ள மூன்று பட்டைகளைப் பாருங்கள். அக்காலப் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்களில் சிவப்புப் பட்டை முன்பக்கமும் நீலம் பின்பக்கமும் இருக்கும். முன்பட்டை பின்பட்டையைவிடத் தெளிவாகக் கறுத்திருந்தால் அது ஆர்தோ பிலிம் என்று கொள்ளலாம். அடுத்து, நிறுத்தி வைக்கப்பட்ட விமானமாக இருந்தால் விசிறி இதழ்களின் நுனியைப் பாருங்கள். விதிப்படி அவை மஞ்சள். 1941இன் பிற்பகுதியிலிருந்து பகல்நேரப் போர் விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் பூசப்பட்ட பட்டையும் மஞ்சள்தான். இவையும் வளையத்தைப் போலவே கறுத்திருந்தால், விற்பனையாளரின் இரவு விமானக் கதைக்கு இடமே இல்லை.

'வண்ணம் மீட்கப்பட்ட' என்ற சொல்லே ஏமாற்று. கறுப்பு வெள்ளைப் படலத்தில் நிறம் பதிவாகவே இல்லை. இல்லாததை யாரும் மீட்க முடியாது. கணினி நிரல் ஒன்று தன் ஊகத்தைப் பூசித் தருகிறது, அதை ஆதாரம் என்று ஒருவர் விற்கிறார், அந்த ஆதாரத்தைப் பார்த்து இன்னொருவர் டெக்கல் அச்சிடுகிறார், சில ஆண்டுகளில் அந்த டெக்கலே படத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இதே ஆட்கள் சிலர் 'உரிமச் சான்றிதழ்' என்ற பெயரில் தனியாகப் பணம் கேட்பதும் உண்டு. 1957 ஜூன் 1ஆம் தேதிக்கு முன்பு பிரிட்டிஷ் அரசுக்காக எடுக்கப்பட்ட புகைப்படங்களின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. தெளிவான ஸ்கேன் பிரதிக்கு ஆவணக் காப்பகங்கள் வாங்கும் கட்டணம் வேறு விஷயம். இடைத்தரகர் விற்கும் சான்றிதழுக்கு எந்தப் பொருளும் இல்லை.

காப்பகங்களும் நமக்கு உதவியாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்க்காலப் பத்திரிகைக் குறிப்பை அப்படியே படத்தின் விளக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அதில் உள்ள தேதி பல சமயம் படம் எடுத்த நாளாக இராது, வெளியிட்ட நாளாக இருக்கும். படைப்பிரிவின் எழுத்துகளைத் தணிக்கையாளர் சுரண்டி அழித்த படங்களும் எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடக்கின்றன. எத்தனை முறை எழுதினாலும் விளக்கவுரைகள் திருத்தப்படுவதில்லை.

எனவே தேதியைப் படத்தின் குறிப்பில் தேடாமல் விமானத்தின் மீதே தேடுங்கள். 1942இன் நடுப்பகுதி வரை ஸ்பிட்ஃபயரின் உடற்பகுதிச் சின்னம் 35 அங்குல விட்டம் கொண்டது. அதில் வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று வளையங்களும் 5 அங்குல அகலம். அதன் பிறகு வந்தது 36 அங்குலச் சின்னம். அதில் வெள்ளையும் மஞ்சளும் 2 அங்குலமாகச் சுருங்கின. வால் பட்டைகளிலும் முதலில் மூன்றும் சம அகலம், பிறகு வெள்ளை மட்டும் மெலிந்தது. உங்கள் டெக்கல் தாள் பிந்தையது, உங்கள் படம் முந்தையது.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் வாசகர்கள் பலர் அடுத்ததாகக் கையில் எடுப்பது பர்மாப் போர்முனை விமானங்களைத்தான். ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினார்கள். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் விமானப் படையும் சிவப்பைப் படிப்படியாகக் கைவிட்டது. முதலில் சிவப்பின் மேல் வெள்ளை பூசினார்கள். பின்னர் கருநீலத்துக்குள் வெளிர்நீலம் கொண்ட சிறிய சின்னம் வந்தது. 1944இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இயங்கிய இந்திய விமானப் படையின் 1ஆம் பிரிவின் ஹரிக்கேன் போர் விமானங்களை மாடலாகச் செய்வோருக்கும் இதே சிக்கல்தான். இந்தப் படங்களில் நடுவட்டம் வெளிறித் தெரிந்தால் அது வெள்ளையா வெளிர்நீலமா என்பதைப் பிலிமை வைத்துத் தீர்மானிக்க இயலாது, ஏனெனில் ஆர்தோ பிலிமில் வெளிர்நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவே விழும். மேலே சொன்ன வால் பட்டைச் சோதனையும் இங்கே செல்லாது. ஒப்பிட சிவப்பே இல்லை. படத்தில் வேறெங்காவது ஐயமற்ற வெள்ளை இருந்தால், உதாரணமாக 1945இன் தொடக்கத்தில் இறக்கையிலும் வாலிலும் பூசிய வெள்ளைப் பட்டை இருந்தால், அதோடு நடுவட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சற்றேனும் மங்கலாக இருந்தால் வெளிர்நீலம் என்று கொள்வது பொருத்தம்.

உங்கள் மாடலுக்குத் திரும்புவோம். பெட்டியில் வந்த உடற்பகுதிச் சின்னத்தில் வெள்ளை வளையமும் மெலிந்திருக்கும் என்பதால் அதன்மேல் மஞ்சளைச் சேர்த்து ஒப்பேற்ற முடியாது. மெல்லிய மறைப்பு டேப்பில் வட்டங்களை வெட்டி, மஞ்சளை 12.3, நீலத்தை 8.8, வெள்ளையை 5.3, சிவப்பை 1.8 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுங்கள். வால் பட்டைகள் ஒவ்வொன்றும் 2.8 மில்லிமீட்டர் அகலமும் 9.5 மில்லிமீட்டர் உயரமும் இருக்கட்டும்.