புங்க எண்ணெய் கூழானது ஏன்?

கேள்வி: வரப்போரப் புங்க மரங்களின் விதையைச் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை ஊற்றிப் பயோடீசல் தயாரிக்க முயன்றேன். கிளிசரின் பிரியாமல் எல்லாம் கூழாகிவிட்டது. தவறு எங்கே? சரியாக வந்தால் அதை எப்படிச் சோதிப்பது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தவறு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. மரத்தடியில் ஈரம்பட்டுக் கிடந்த விதையிலும், ஆட்டி நாளான எண்ணெயிலும் கொழுப்பமிலம் தனியே பிரிந்து பெருகிவிடுகிறது. அது காஸ்டிக் சோடாவைக் கண்டவுடன் சோப்பாக மாறுவதால்தான் உங்களுக்குக் கூழ் கிடைத்தது.

ஆகவே முதலில் அமிலத்தை அளந்துவிடுங்கள். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குலுக்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால், அதுவரை செலவான மில்லியைக் குறித்துக்கொள்ளுங்கள். லிட்டர் எண்ணெய்க்கு வழக்கமாகச் சேர்க்கும் 3.5 கிராம் காஸ்டிக் சோடாவோடு அத்தனை கிராம் கூடுதலாக வேண்டும். செலவு 3 மில்லியைத் தாண்டினால் அமிலம் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அப்போது சிறிதளவு கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து 60 டிகிரிக்குள் சூடாக்கி அமிலத்தைக் குறைத்து, பிரியும் நீரை நீக்கிய பிறகே காஸ்டிக் சோடாவுக்குப் போக வேண்டும். மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் சூடு மீறக் கூடாது.

கழுவி, ஈரம் நீக்கிய பயோடீசலில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிவாகக் கரைந்தால் நல்லது; அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மாற்றம் முழுமையாகவில்லை. பம்புசெட் எஞ்சினில் ஊற்றுமுன் ஆய்வகச் சோதனையும் அவசியம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15607-இன்படி, எஞ்சிய அமிலத்தைக் காட்டும் அமில எண் 0.50-க்கு மிகக் கூடாது, தீப்பற்றும் நிலை 101 டிகிரிக்குக் குறையக் கூடாது. மெத்தனால் சிறிது எஞ்சினாலே பின்னது சரிந்துவிடும்.

மெத்தனால் கொடிய நஞ்சு. தமிழ்நாட்டில் அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். எனவே இந்த முயற்சியை உரிமமுள்ள கல்லூரி ஆய்வகத்தின் துணையோடு செய்யுங்கள். இப்போது கையில் உள்ள கூழிலும் மெத்தனால் கலந்திருக்கிறது. அதைச் சோப்பாகப் பயன்படுத்தாதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள், கிணற்றோரம் கொட்டவும் வேண்டாம்.