கேள்வி நேரம்: போக 11 மணி, வர 10 மணி, ஏன்?

கே. சுந்தரி, மல்லேஸ்வரம், பெங்களூரு: மகளைப் பார்க்க லண்டன் போகிறோம். போகும்போது கிட்டத்தட்ட 11 மணி நேரம், திரும்பும்போது 10 மணி நேரம் என்று டிக்கெட் சொல்கிறது. தூரம் ஒன்றுதானே?

தரையில் அளந்தால் ஒன்றுதான், சுமார் 8,000 கி.மீ. ஆனால் விமானம் காற்றுக்குள் பறக்கிறது. அந்தக் காற்றும் சும்மா நிற்பதில்லை. 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் பலத்த காற்று, அதாவது ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் சொந்த வேகம் மணிக்கு 900 கி.மீ. வழிநெடுக சராசரியாக 50 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 850, 8,000 கி.மீ. கடக்க 9 மணி 25 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 950. 8 மணி 25 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரம் இங்கேதான் போகிறது. ரன்வே வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் இதற்கு மேல். போகும்போது இழந்ததை வரும்போது முழுசாகப் பிடிக்கவும் முடியாது. காற்றே இல்லாவிட்டால் 8 மணி 53 நிமிடம் ஆகும். ஆக இழப்பு 32 நிமிடம், லாபம் 28தான். மெதுவாகப் போகும்போது காற்றின் பிடியில் அதிக நேரம் இருக்கிறோம் அல்லவா.

மாதமும் முக்கியம். குளிர்காலத்தில் இந்த ஜெட் ஸ்ட்ரீம் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் தலைக்கு மேலேயே ஓடும். ஜூன் வாக்கில் திபெத்துக்கு வடக்கே ஏறிவிடும். அப்போது தென்னிந்தியாவுக்கு மேலே நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு ஜெட் ஸ்ட்ரீம் கிளம்பும். இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-ல் விளக்கியது அது. அதன் உச்சம் பயணிகள் விமானத்தின் உயரத்துக்கும் மேலே, 14 கி.மீ.யைத் தாண்டி இருக்கும். ஆனாலும் அதன் கீழ்விளிம்பு ஜூலையில் பெங்களூரிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் கைகொடுக்கும். ஐரோப்பாவை நெருங்கினால் பழைய கதைதான்.

ஆர். வெங்கட், அல்சூர்: அமெரிக்கா போகும் விமானங்கள் மேப்பில் வளைந்து வளைந்து போகின்றன. நேராகப் போனால் நேரம் மிச்சம்தானே?

அவை நேராகத்தான் போகின்றன. வளைந்திருப்பது உங்கள் மேப். ஒரு உலக உருண்டையை எடுத்து, பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வட துருவத்துக்குப் பக்கத்தில் போகும். தூரம் சுமார் 14,000 கி.மீ. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா ஓட்டிய முதல் விமானம், பெண் பைலட்டுகள் மட்டுமே இயக்கியது, அந்தப் பக்கமாகத்தான் வந்தது.

ஆனால் குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று இல்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆனது. அப்படியும் பயணம் சுமார் 14½ மணியில் முடிந்தது, பழைய வழியைவிடச் சீக்கிரமாக. கிழக்கு நோக்கிப் போனதால் காற்று வழியெல்லாம் தள்ளிவிட்டது. சராசரி தரைவேகம் மணிக்கு 1,050 கி.மீ.

சுற்றிப் போக வேறு காரணங்களும் உண்டு. திபெத் பீடபூமிக்கு மேலே விமானக் கம்பெனிகள் வழியை விரும்பிப் போடுவதில்லை. கேபினில் அழுத்தம் போய்விட்டால் விமானம் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். பயணிகளின் தலைக்கு மேல் தொங்கும் முகமூடியில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் 12 முதல் 22 நிமிடம்தான். அதற்குள் மலையைத் தாண்டித் தாழ்வான இடத்துக்கு வரமுடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

அரசியலும் சேரும். 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லிக்குத்தான் பலத்த அடி. மேற்கே போகிற விமானம் முதலில் தெற்கே குஜராத் பக்கம் திரும்பி, அரபிக் கடலைத் தொட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. வட அமெரிக்க விமானங்கள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ நின்றன. நிற்காமல் போவதற்காகக் கூடுதலாக நிரப்பிக்கொள்ளலாமே என்றால், அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும்: தூக்கிப் போகும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு 3, 4 சதவீதம். பத்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆளையோ சரக்கையோ இறக்கித்தான் ஆகவேண்டும்.

எம். பாபு, ஶ்ரீராம்புரம்: பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறதே, மேற்கே போனால் ஊர் தானே எதிரே வரவேண்டும்?

வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் நம்ம மெட்ரோவுக்குள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் ஒரே முயற்சிதானே. சுழற்சிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லக்கூடாது: ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதற்கே அதுதான் காரணம்.

லதா குமார், இந்திரா நகர்: ஒரு மணி நேரம் லேட்டாகக் கிளம்பினால் பைலட் வேகமாக ஓட்டிச் சரிக்கட்ட முடியாதா?

கொஞ்சம்தான். போயிங் 787 ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கிறது. 0.86 ஆக்கினால் பத்து மணி நேரத்தில் மிச்சம் 7 நிமிடம். அதற்கு மேல் போனால் இறக்கையின் மேல் காற்று ஒலிவேகத்தைத் தாண்டி இழுவை செங்குத்தாக ஏறும், எரிபொருள் தண்ணீராகச் செலவாகும். நேரத்தின் விலை எவ்வளவு, எரிபொருளின் விலை எவ்வளவு என்று கம்பெனி ஒரு எண்ணைக் கொடுத்திருக்கும்; அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் வேகம் நிர்ணயமாகிறது.

உயரமும் உடனே கிடைக்காது. கிளம்பும்போது கனம் அதிகம் என்பதால், மேற்கே போகும் விமானம் 32,000 அடியில் தொடங்கி, எரிபொருள் தீரத்தீர 34,000, 36,000, 38,000 என்று படியேறும். கிழக்கே போவதற்கு ஒற்றைப்படை: 33,000, 35,000, 37,000. பெங்களூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர் உயரம், காற்று மெல்லியது. கோடை மதிய வெயிலில் அது இன்னும் மெலிந்து, கனத்தோடு எழும்புவது சிரமம். நெடுந்தூர விமானங்களுக்கு இரவும் விடியலும் தோதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ். இளங்கோ, விவேக் நகர்: லண்டனில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த விமானம். போதுமா?

டிக்கெட்டில் உள்ள நேரம், கேட்டிலிருந்து பின்தள்ளியது முதல் அங்கே நிறுத்திக் கதவைத் திறக்கும் வரை. கம்பெனிகள் அதில் கொஞ்சம் தாராளமாகவே போடும். அதனால்தான் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டோம் என்று அறிவிப்பு வருகிறது. அதை நம்பிவிடாதீர்கள். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இரவு இறங்கக் கட்டுப்பாடு உண்டு, அதிகாலையில் வட்டமடித்துக் காத்திருப்பதும் சகஜம். விமானங்களின் பயணத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 இணையதளத்தில் விமான எண்ணைப் போட்டால் போன சில நாட்களில் அது உண்மையில் எப்போது இறங்கியது என்று தெரியும். அதில் மோசமான நாளை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் வையுங்கள். டெர்மினல் மாறவேண்டும் என்றால் மூன்று. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட விமானத்துக்குப் பணம் உங்கள் கையிலிருந்துதான்.