பயிற்சி மாணவராக, கிளையண்டை மையமாக வைத்துத் திட்டம் போடக் கற்றுக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவர் எக்சர்சைஸ் ஃபிசியாலஜி (உடற்பயிற்சி உடலியல்) படித்துக்கொண்டே நேரடிப் பயிற்சிக்கும் போகிறார். "கிளையண்டை மையமாக வை" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை என்கிறார். நானும் அதே பயிற்சியில்தான், அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன்.

முதலில் ஒன்று. இதற்கும் இனிமையாகப் பேசுவதற்கும் பெரிய தொடர்பில்லை. எதை அளக்கிறோம், யாருக்காக அளக்கிறோம் என்பதுதான் விஷயம்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) உள்ள ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். வழக்கம்போல ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் நடைச் சோதனை செய்தோம். அதில் 30 மீட்டர் கூடினாலே பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்பார்கள். அவருக்கு அதைவிட நன்றாகவே கூடியிருந்தது. என் சூப்பர்வைசர் அந்த எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. "வீட்டில் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "நடக்கிறதெல்லாம் பரவாயில்லைம்மா. குளிச்சுட்டுத் தலை துவட்டுறதுக்குள்ள மூச்சு வாங்குது, பாதியிலேயே உக்காந்துடுறேன்."

காரணம் உடலியலிலேயே இருக்கிறது. மூச்சிழுக்கத் துணைக்கு வரும் கழுத்து, தோள் தசைகளே தூக்கிய கையையும் தாங்க வேண்டும். நடைப்பயிற்சியை எவ்வளவு கூட்டினாலும் இது தானாகச் சரியாகிவிடாது. திட்டத்தில் லேசான எடையோடு கைப்பயிற்சி சேர்ந்தது. கையை உயர்த்தும்போது உதடு குவித்து மூச்சை வெளியே விடப் பழக்கினோம். துவட்டும்போது முழங்கைக்கு ஏதாவது முட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னோம். 'மூச்சு வாங்காமல் தலை துவட்டுவது' என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே இலக்கை ஃபைலில் எழுதி, இப்போது அது எவ்வளவு முடிகிறது என்று 0 முதல் 10 வரை அவரையே மதிப்பெண் போடச் சொன்னோம். நடைச் சோதனை எண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது, அதை யாரும் தூக்கிப் போடவில்லை.

தேர்வில், கிளையண்டை மையமாக வைக்கும் சிகிச்சை முறையை உருவாக்கிய உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் பற்றி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், எழுதுங்கள். அறைக்குள் எனக்கு அதிகம் கைகொடுத்தது மில்லர், ரோல்னிக் இருவரின் ஊக்கமூட்டும் நேர்காணல் முறை. "இந்த வாரம் பயிற்சி செய்வீர்கள் என்று 10க்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்கிறோம். 5 என்கிறார். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் சாக்குகள்தான் வரிசையாக வரும். "ஏன் 3 இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள், தன்னால் என்னென்ன முடியும் என்று அவரே சொல்லத் தொடங்குவார். கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். மாணவர்களுக்கு மௌனம் என்றாலே கை உதறும்.

அளவு விஷயத்திலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை இப்போது அதில் இல்லை. வேலைக்கு நடுவில் நாலு நிமிடம்தான் கிடைக்கும் என்பவருக்கு நாலு நிமிடத் துண்டுகளாகவே திட்டம் போடலாம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரிடம் இதயத் துடிப்பு இலக்கைப் பிடித்துத் தொங்காதீர்கள். அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று போர்க் அளவுகோலில் அவர் சொல்லும் எண்தான் அங்கே வழிகாட்டி.

அதற்காக அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது மையப்படுத்தல் ஆகாது. பயிற்சியின்போது நெஞ்சுவலி வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், "இன்னும் கொஞ்சம் செய்கிறேன்" என்று அவர் சொன்னாலும். இன்சுலின் போடுபவர் சர்க்கரை அளவைப் பார்க்காமல் தொடங்க விரும்பினால், ஏன் கூடாது என்று சொல்லிப் புரியவைப்பது நம் வேலை. பாதுகாப்பு எல்லையை நாம் போடுகிறோம், அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் பாடு.

அப்புறம், ஃபைலில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். 'மாலையில் முழங்கால் வலிப்பதால் செய்யவில்லை' என்று எழுதினால், அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவர் பயிற்சியைக் காலைக்கு மாற்றிப் பார்ப்பார்.